படலையில் அந்தக் கௌபாய் சொன்னது

அமெரிக்கக் கௌபாய்கள் வாயைத் திறந்து கதைப்பதில்லை. தொப்பிக்குக் கீழே, மீசைக்கு உள்ளே, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இடையில் எங்கேயோ வைத்து எதையோ உருட்டுகிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் பெரிய வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன். அந்த உருட்டலில் எனக்குப் பாதி விளங்கவில்லை. பாதி என்று எழுதுவதும் மரியாதைக்காகத்தான், முக்கால்வாசி விளங்கவில்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தகப்பன் தன் மகனுடைய கலியாணத்துக்குப் போயிருப்பார்.

அந்தத் தகப்பன் என் கூட்டாளி. சுவிஸ் நாட்டுக்கு வந்த புதிதில் டாவோசில் ஒரே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினோம். சட்டிகள் அவருக்கு, கண்ணாடிகள் எனக்கு; படித்த கை மென்மையானது என்று அவரே அப்படிப் பிரித்தார். இப்போது இருவரும் டீட்டிகோனில் ஒரே கட்டிடத்தில் இருக்கிறோம். அவர் மேலே, நான் கீழே. என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணை. நான் அவருக்கு அன்றும் இன்றும் மாஸ்டர். "மாஸ்டர், அந்தக் குப்பை வாளியை இஞ்சாலை தள்ளும்" என்பார் குசினியில். அவ்வளவு மரியாதையாக வேறு யாரும் என்னைக் குப்பை வாளி தள்ள வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இந்த நாட்டில் ஒரு மனிதன் செய்யக்கூடியது மிகக் குறைவு. கடை இல்லை. உடுப்புத் தோய்க்க முடியாது. வெறும் போத்தல்களைத் தெருத் தொட்டியில் போடப் போனால் பக்கத்து வீட்டுக் கிழவி யன்னலால் எட்டிப் பார்ப்பாள். ஆகவே அண்ணை வீட்டில் கூடுவோம். அவரும் மனைவியும், நானும் மனைவியும். அண்ணையின் மனைவி றோல்ஸ் பொரிப்பார். பெரிய தொலைக்காட்சியில் அந்தக் கௌபாய்த் தொடர் ஓடும். தொடருக்கான இணைப்பு அண்ணையின் மகனுடையது. வீட்டுக்கு வருவதை மகன் நிறுத்தின பிறகும் இணைப்பை அவன் நிறுத்தவில்லை. திரையைப் போட்டவுடன் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு, மகனுக்கு ஒரு கட்டமும் அப்பாவுக்கு ஒரு கட்டமும் வரும். அண்ணை தன் கட்டத்தை மிகக் கவனமாக அமத்துவார்.

கதை லேசானது. இந்தக் காலத்து அமெரிக்கா. ஒரு கிழவன், அவனுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் காணி, ஆயிரமாயிரம் மாடு, கொஞ்சம் பிள்ளைகள். ஆற்றுத் தண்ணீரை மறிக்கும் பக்கத்துக் காணிக்காரர்கள் எதிரிகள். குதிரையில் போக வேண்டிய இடத்துக்குப் பெரிய வாகனத்தில் போவார்கள், வாகனத்தில் போக வேண்டிய இடத்துக்குக் குதிரையில் போவார்கள். எங்கே போனாலும் துவக்கு.

எங்கள் விமர்சனங்கள் உடனுக்குடன் வரும்.

"விடிஞ்சால் விஸ்கி. இந்த வீட்டிலை ஒருத்தியும் உலை வைக்கிறதாய்க் காணேல்லை," என்பார் அண்ணையின் மனைவி.

"இஞ்சேருங்கோ, அந்தாள் படுக்கேக்கையாவது தொப்பியைக் கழட்டுமோ?" என்று என் மனைவி என்னைக் கேட்பாள், தொப்பிக்கு நான் பொறுப்பு என்பதுபோல.

அண்ணையின் அக்கறை எல்லாம் வேலியில். ஊரில் தம்பியாரோடு அவருக்கு ஒரு வேலி வழக்கு நடக்கிறது. வெளிச்சம் போதாத காணொளி அழைப்புகளில் வேலிக் கதியால் கதியாலாகப் பார்த்து அதை நடத்துகிறார். "ஒரு அடி விட்டுக்குடுத்தால் அடுத்த வருசம் கிணத்தடியிலை வந்து நிப்பாங்கள். கிழவன் செய்யிறது சரி. ஆனால் இஞ்சையெண்டால் செய்யேலாது. இஞ்சை ஒவ்வொரு மாட்டுக்கும் காதிலை நம்பர். ஒருத்தனைச் சுட்டுப்போட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போக கெமைண்டேக் கந்தோர்க்காரன் விடுவானோ? படிவம் நிரப்பச் சொல்லுவான்."

தொடக்கத்தில் ஜெர்மன் குரலில்தான் பார்த்தோம். எங்கள் நாலு பேருடைய ஜெர்மனும் குசினியிலும் ஹோட்டல் அறைகளிலும் பொறுக்கினது. சாமான்களின் பெயரும் ஏச்சும் வரும், குடும்பச் சண்டை வராது. அதோடு அண்ணைக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. "கௌபாய் ஜெர்மன் கதைச்சால் எங்கடை பழைய செஃப் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிக்கிறமாதிரிக் கிடக்கு. எனக்குக் கை தானாத் தண்ணிப் பைப்புக்குப் போகுது. இங்கிலிசிலை போடுவம். மாஸ்டர் இருக்கிறார்தானே, சொல்லுவார்."

மாஸ்டர் இருந்தார். மாஸ்டர் சொன்னார்.

முதலில் சின்னச் சின்ன இடைவெளிகளை நிரப்பினேன். இரண்டு சொல் பிடிபட்டால் நடுவில் உள்ளதை ஊகித்தேன். அது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பிறகு பிடிபடாத இடங்களிலும் சொல்லத் தொடங்கினேன். கீழே ஜெர்மன் எழுத்து ஓடியது. அதில் அண்ணைக்கு ஒன்றிரண்டு சொல் தட்டுப்படுமோ என்ற பயத்தில், "எழுத்து ஓடினால் ஆக்களின்ரை முகம் தெரியாது" என்று அதையும் நிறுத்த வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தடையும் இல்லை. கிழவன் மூன்று சொல் உருட்டினால் நான் மூன்று வசனம் பேசினேன்.

"மாஸ்டர், அவன் வாயை மூடி எவ்வளவு நேரம், நீர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்?"

"அண்ணை, இங்கிலிஸ் சுருக்கமான பாஷை."

"அதுதானே பாத்தன்," என்றார் அவர், என் படிப்பை மதித்து.

அண்ணை கேட்டதை வீட்டோடு வைத்திருக்கிற ஆள் இல்லை. டாவோசில் ஒன்றாகக் கோப்பை கழுவின ஆட்களுக்கு ஒரு கைபேசிக் குழு இருக்கிறது. பாசலில் ஒருவர், பேர்ணில் ஒருவர், லோசானில் ஒருவர் என்று நாடு முழுக்கச் சிதறியவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை அதில் ஒரு குரல் பதிவு போடுவார். தொண்டையைச் செருமிவிட்டு, கிழவன் இன்னது சொன்னான், அதிலே இன்ன ஞாயம் இருக்கிறது என்று நீளமாகப் பேசுவார். திரிம்பாக் கோயில் திருவிழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றும் அதே விமர்சனம். கேட்டவர்கள் தாங்களும் பார்க்கத் தொடங்கினார்கள். லோசான்காரர் பிரெஞ்சுக் குரலில் பார்த்துவிட்டு ஒருநாள் பதில் போட்டார்.

"அண்ணை, எங்கடை பிரெஞ்சிலை கிழவன் அப்பிடிச் சொல்லேல்லையே. நாய்க்குச் சாப்பாடு வைச்சாச்சோ எண்டுதான் கேட்டவன்."

அண்ணை உடனே பதிவு போட்டார். "தம்பி, பிரெஞ்சுக்காரர் தங்கடை ருசிக்கு மாத்திப் போடுவினம். மாஸ்டர் நேர இங்கிலிசிலை கேக்கிறார்."

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். வெட்கப்பட்டேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. சிரிக்கத்தான் செய்தேன்.

இனி மகனுடைய விஷயம். அண்ணையின் ஒரே மகனுக்கு ஓல்டனில் வேலை. மன்னார்ப் பெட்டை ஒருத்தியை விரும்பினான். தாதி வேலை செய்பவள், நல்ல பிள்ளை, தமிழ் எங்களைவிட வடிவாகக் கதைப்பாள். ஆனால் வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போகிறவர்கள். மகனும் அங்கே மாதா கோயிலில் தாலி கட்டச் சம்மதித்துவிட்டான். அண்ணை "உனக்கு இனி இந்த வீட்டிலை அலுவல் இல்லை" என்று சொன்னார். அவனும் சரி என்று போய்விட்டான். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல். கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை பதிவு, சனிக்கிழமை கோயில் என்று தாயிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தான். "அப்பா வந்தால் காணும்" என்றும் சொன்னானாம். அண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய கறுப்புக் கோட்டை அவர் மனைவி எடுத்துக் கதவில் தூக்கிவிட்டிருந்தார். அவர் அதைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபடிதான் நான் அந்த ஞாயிறு றோல்ஸ் சாப்பிட்டேன்.

அந்தக் கிழமை தொடரிலும் அதே விஷயம் வந்தது. கிழவனுடைய இரண்டாவது மகன் தண்ணீரை மறித்த எதிரி வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவன். பனி கொட்டுகிறது. அவன் வாகனத்தை விட்டு இறங்கி, தகப்பனுடைய காணி வாசல் படலைக்கு வெளியே வந்து நிற்கிறான். பெண் வாகனத்துக்குள் இருக்கிறாள். கிழவன் உள்ளேயிருந்து நடந்து வந்து, படலையில் கையை வைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு எதையோ உருட்டினான்.

எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அண்ணை றோல்ஸைக் கையில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தார். அந்த நேரம் அந்த அறையில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னேன்: "'நீ எப்ப அவங்கடை பக்கம் போனியோ, அப்பவே எனக்கு ரெண்டாவது மகன் இல்லை. இந்தப் படலை உனக்குத் திறவாது' எண்டு சொல்லுறான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். சூரிச்சில் ஒரு சுவிஸ்காரப் பெடியனோடு, கலியாணம் என்ற பேச்சே இல்லாமல், ஒரே வீட்டில் இருக்கிறாள். அதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லத் துணிவு வரவில்லை. கூப்பிட்டால் போய் ராக்லெட் தின்றுவிட்டு, சீஸ் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வருவேன். என் வீட்டில் பேச முடியாததை ஒரு கௌபாயின் வாயில் வைத்து, இன்னொருவருடைய மகன் மேல் பேசினேன். பேசும்போது நல்ல சுகமாக இருந்தது.

அண்ணை றோல்ஸைத் தட்டில் வைத்தார். "அதுதான் தகப்பன்," என்றார். எழுந்து போய்க் கோட்டை எடுத்து அலுமாரிக்குள் தூக்கிவிட்டு வந்து இருந்தார். அவர் மனைவி தேத்தண்ணி போடப் போனவர், தொடர் முடியும்வரை குசினியிலிருந்து வரவில்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நானும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போனோம். சாப்பாடு முடிந்து மகளுடைய பெடியன் தொலைக்காட்சியைப் போட்டான். அதே தொடர், அதே படலை, அதே பனி. அவன் தன் ஆங்கிலத்தைத் திருத்தவென்று ஆங்கில எழுத்தை ஓடவிட்டுப் பார்க்கிறவன். எழுத்தில் வந்தால் எனக்கு ஆங்கிலம் தண்ணி பட்ட பாடு. கிழவன் படலையில் கையை வைத்தான், பார்த்தான், உருட்டினான். கீழே எழுத்து வந்தது. அடுப்பில் சாப்பாடு இருக்கிறது. அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வா. அவ்வளவுதான். பிறகு அவனே படலையைத் திறந்துவிட்டான். போன ஞாயிறும் திறந்திருப்பான். நான் பேசிக்கொண்டிருந்ததில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மகள் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெடியன் என்னிடம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கிழவன் செய்தது சரிதானே என்று கேட்டான். நான் சீஸ் நல்லாயிருந்தது என்றேன்.

ரயிலில் வரும்போது மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "கலியாணம் இந்த வெள்ளி, சனி."

அடுத்த நாள் மேலே போனேன். போனது உண்மை. அண்ணையின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே அண்ணை கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குழுவுக்குப் பதிவு போட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கிழவன் சொன்னதை மாஸ்டர் சொல்லக் கேக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அப்பிடி ஒரு இங்கிலிஸ். அப்பிடி ஒரு தகப்பன்." என்னைக் கண்டதும் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். இருந்தேன். தேத்தண்ணி வந்தது, குடித்தேன். கால் நோவைப் பற்றிக் கதைத்தோம். கீழே இறங்கி வந்தேன். மகனுடைய கலியாணத்தைவிட அந்தப் பதிவில் வந்த மாஸ்டர் எனக்குப் பெரிதாகப் போய்விட்டார். வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

வெள்ளி போனது. சனி போனது. தாய் தனியாக ரயிலில் போய்விட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வழமைபோல் கூடினோம். அன்று நான் ஒரு திட்டத்தோடு போனேன். பிழையான மொழிபெயர்ப்பால் கெட்டதைப் பிழையான மொழிபெயர்ப்பாலேயே திருத்திவிடலாம் என்பது திட்டம். கிழவன் எப்போது வாயைத் திறந்தாலும் மகனை நினைத்து அழுகிறான் என்று சொல்வது. அண்ணை மனமிரங்கி, கலியாணம் முடிந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நல்ல திட்டம்தான். ஆனால் அன்றைய பகுதி ஒத்துழைக்கவில்லை. கிழவனும் அவனுடைய ஆளும் ஒரு பிரேதத்தை வாகனத்திலிருந்து இழுத்து இறக்கி ஆற்றங்கரையில் கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள். கிழவன் வெட்டிக்கொண்டே உருட்டினான்.

"'நான் என்ரை மகனிட்டைப் போகப்போறன்' எண்டு சொல்லுறான்," என்றேன். "'அண்டைக்குக் கோபத்திலை கதைச்சுப்போட்டன், நான் பிழை விட்டிட்டன்' எண்டு சொல்லுறான்."

அண்ணை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மகனிட்டைப் போறதுக்கு ஏன் மண்வெட்டி?"

"அது வேறை அலுவல், அண்ணை. வெட்டிக்கொண்டே அதை யோசிக்கிறான்."

"அப்ப அந்தப் பிரேதம் ஆர்?"

"அது… சொல்லேல்லை."

"மற்றவன் ஏன் சிரிக்கிறான்?"

நான் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தேன். அப்போது என் மனைவி, கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, சொல்லித் துலையுங்கோ," என்றாள்.

சொன்னேன். விளங்கவில்லை என்று தொடங்கி, எவ்வளவு காலமாக விளங்கவில்லை என்பது, எழுத்தை ஏன் நிறுத்த வைத்தேன் என்பது, மகள் வீட்டில் வாசித்தது, புதன்கிழமை மேலே வந்தும் சொல்லாமல் போனது, எல்லாம். அண்ணை தொடரை நிறுத்தினார். கிழவன் மண்வெட்டியோடு அப்படியே நின்றான்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் விமர்சனம் சொன்னது எந்த நாடகத்தைப் பற்றி?" என்றார். முதலில் அவருக்கு வந்த கோபம் அதுதான். "திரிம்பாக்கிலை சோத்து வரிசையிலை நிண்டு கதைச்சன். லோசான்காரனுக்குப் பிரெஞ்சு தெரியாதெண்டு சொன்னன். அவன் அங்கை முப்பது வருசமாக் கிடக்கிறான்!"

"அண்ணை…"

"பொறும். படலையிலை என்ன சொன்னவன்? உள்ளதைச் சொல்லும்."

"அடுப்பிலை சாப்பாடு இருக்கு, அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளை வா எண்டு."

அவர் திரையில் மண்வெட்டியோடு நின்ற கிழவனைப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு?"

"சாப்பாடு எண்டு மட்டும்தான் சொன்னவன், அண்ணை. என்ன சாப்பாடெண்டு தெரியாது."

"ஓம். அதையும் இப்ப நீர் சேர்க்காதையும்," என்றார். பிறகு, "போட்டு வாரும் மாஸ்டர்," என்றார். அவர் மனைவி கதவுவரை வந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "நீங்கள் சொல்லாட்டிலும் இவர் போயிருக்க மாட்டாரோ என்னவோ," என்று மெல்லச் சொன்னார். அவர் என்னைத் தேற்றச் சொன்னதாகத்தான் அப்போது எடுத்தேன். கோட்டைக் கதவில் தூக்கிவிட்டவரும், அண்ணை அதை உள்ளே வைக்காததைப் பார்த்தவரும் அவர்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அண்ணை என்னோடு கதைக்கவில்லை. லிப்டில் கண்டால் கூரையைப் பார்ப்பார். ஆனால் விஷயங்கள் மனைவிமார் வழியாகக் கீழே இறங்கி வந்தன. ஒரு சனிக்கிழமை அண்ணை ஆட்டிறைச்சிக் கறி ஒரு பெரிய சட்டி வைத்து, மூடியைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஓல்டனுக்குப் போனாராம். பெட்டியில் பக்கத்திலிருந்த சனம் ஒவ்வொருவராக எழும்பி வேறு பெட்டிக்குப் போனதாம். மகன் கதவைத் திறந்தபோது வேறு ஒன்றும் சொல்லாமல், "அடுப்பு எங்கை?" என்று கேட்டாராம். மருமகள்தான் சட்டியை வாங்கினாள்.

பிறகு குழுவில் அவர் குரல் திரும்ப வந்தது. தொடரை முதலிலிருந்து மருமகளோடு பார்க்கிறாராம். அவளுக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் தண்ணிபோல. "மருமகள் சொல்லுறா," என்றுதான் ஒவ்வொரு பதிவும் தொடங்கும். கிழவனைப் பற்றிய அபிப்பிராயம் தலைகீழாகிவிட்டது. "அவன் ஒரு கொலைகாரக் காவாலி. இவ்வளவு நாளும் ஒரு பெரிய மனிசன் எண்டு நினைச்சுப்போட்டன். ஆனால் அண்டைக்குப் படலையைத் திறந்தது மட்டும் சரி." என் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, லிப்டில், கூரையைப் பார்த்தபடியே, "பின்னேரம் வாரும்," என்றார்.

போனோம். றோல்ஸ் இருந்தது. திரையில் ஜெர்மன் எழுத்து ஓடியது. தொலைக்காட்சிக்கு நேர் மேலே புதிதாக ஒரு படம் தொங்கியது. மாதா கோயில் படியில் மகனும் மருமகளும். ஒரு பக்கம் பெண்ணின் தாய் தகப்பன். மறுபக்கம் அண்ணையின் மனைவி. அவருக்குப் பக்கத்தில், தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில், இறுக்கமான கோட்டோடு லோசான்காரர். பிரெஞ்சில் பார்த்தவர். திரையைப் பார்க்கிற எவருக்கும் அந்தப் படம் படாமல் இருக்க வழியில்லை. வேண்டுமென்றே அங்கே மாட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எனக்காகவோ தனக்காகவோ தெரியாது.

நடுவில் கிழவன் எதையோ உருட்டினான். பழக்கத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மாஸ்டர்?" என்றார் அண்ணை.

"விளங்கேல்லை, அண்ணை."

அவர் தொடரை நிறுத்தி, கைபேசியை எடுத்து மருமகளுக்கு அழைப்புப் போட்டார்.